சுவட்டு எரிபொருள்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகளுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அதைப் பற்றிக் கேள்வி கேட்காத ஆளில்லை. பெற்றோல் செட்டில், வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியில், மீன்பிடிக் கரையில், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் மேசையில் என்று எங்கும் கேட்கிறார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாற்று இருக்கிற இடத்தில் எரிபொருளை எரிக்காமல் விட்டால்தான், மாற்றே இல்லாத வேலைகளுக்கு அது மிஞ்சும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த எண்ணத்தோடு எழுதியவை.

சுவட்டு எரிபொருள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

நிலக்கரி, மசகு எண்ணெய், இயற்கை வாயு. இந்த மூன்றும்தான். பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், உலை எண்ணெய், வீதிக்குப் போடும் தார் எல்லாம் மசகு எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது வருபவை. எண்ணெயைச் சூடாக்கி ஆவியாக்கினால் இலேசானது மேலேயும் கனமானது கீழேயுமாகப் பிரியும். மேலே கேஸ், அதற்குக் கீழே பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய், டீசல், கடைசியாகத் தார். 1969இல் தொடங்கிய சபுகஸ்கந்தைச் சுத்திகரிப்பு ஆலையில் நடப்பது இதுதான். சமையல் கேஸ் இயற்கை வாயுவைச் சுத்தப்படுத்தும்போதும் கிடைக்கிறது.

விறகும் உமியும் இந்தக் கணக்கில் வராது. அவை போன வருஷமோ பத்து வருஷத்துக்கு முன்னமோ வளர்ந்த செடியும் மரமும். நிலக்கரி, சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்த சதுப்புக் காடுகள் மண்ணுக்குள் புதைந்து அழுத்தப்பட்டதில் உண்டானது.

எண்ணெய் டைனோசரிலிருந்து வந்தது என்கிறார்களே?

இல்லை. பழைய கடல்களில் மிதந்த, கண்ணுக்குத் தெரியாத பாசிகளும் நுண்ணுயிர்களும் செத்துக் கடலடிச் சேற்றில் படிந்தன. அதற்கு மேல் மண் ஏறி ஏறி, ஆழத்தில் 60 முதல் 120 பாகை வரையான சூட்டில் பல பத்து இலட்சம் ஆண்டுகள் கிடந்து எண்ணெயாகின. சூடு அதற்கு மேல் போன இடங்களில் வாயுவானது. நாங்கள் ஒரு நாளில் எரித்து முடிப்பது மறுபடி உண்டாக நம் பேரப்பிள்ளைகளின் காலமும் போதாது, மனித இனத்தின் காலமும் போதாது.

இலங்கையில் எண்ணெய் கிடையாதா? மன்னாரில் கண்டுபிடித்ததாகச் சொன்னார்களே?

2011இல் மன்னார்க் கடற்படுகையில் கெய்ர்ன் நிறுவனம் தோண்டிய கிணறுகளில் இயற்கை வாயு இருப்பது தெரிந்தது உண்மை. பிறகு அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. அந்த வாயு வீட்டு அடுப்புக்கோ மின்நிலையத்துக்கோ இன்னும் வந்து சேரவில்லை. நிலக்கரிச் சுரங்கமும் எங்களிடம் இல்லை. ஆக, இந்த நாட்டில் எரிகிற ஒவ்வொரு லீற்றரும் ஒவ்வொரு கிலோ நிலக்கரியும் டொலர் கொடுத்துக் கப்பலில் கொண்டுவந்தவை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றக் கேள்விகள் பாதி தானாகவே விளங்கும்.

எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் இது எங்கெல்லாம் எரிகிறது?

பெற்றோல் செட்டை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். வயலிலிருந்து தொடங்குவோம்.

பெரும்போகம் தொடங்கும்போது முதல் டீசல் உழவு இயந்திரத்துக்குப் போகிறது. புழுதி உழவு, பிறகு தண்ணீர் விட்டுச் சேற்றுழவு, மட்டப்படுத்தல். விதைத்த பிறகு உரம், களைகொல்லி. மாசி, பங்குனியில் அறுவடை இயந்திரம் இறங்குகிறது. நெல்லை மூட்டையாக்கி உழவு இயந்திரப் பெட்டியிலோ லொறியிலோ சம்மாந்துறை, கல்முனை, அக்கரைப்பற்று ஆலைகளுக்குக் கொண்டுபோக மறுபடி டீசல். அரிசியாகிக் கொழும்புக்குப் போக இன்னொரு லொறி. ஒரு பிடி சோற்றுக்குள் எத்தனை தடவை டீசல் எரிந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இந்தச் சங்கிலியில் நெல் அவிப்பு மட்டும் விதிவிலக்கு. அதற்குப் பெரும்பாலும் ஆலையில் விழும் உமியே எரிகிறது. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. பயிரின் கழிவையே எரித்துப் பயிரைப் பதப்படுத்துகிற இந்த ஏற்பாட்டை எங்கள் ஆலைக்காரர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். அது பெருமைப்பட வேண்டிய விஷயம்.

கடல் பக்கம் வந்தால், வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பல நாள் தங்கித் தொழில் செய்யும் படகுகளுக்கு டீசல். கரையிலிருந்து போய்வரும் கண்ணாடிநார் படகுகளின் வெளியிணைப்பு இஞ்சின்களுக்கு மண்ணெண்ணெய். இந்த இஞ்சின்களைப் பெற்றோலில் கிளப்பிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். படகின் உடம்பும் பெற்றோலிய இரசாயனத்தில் செய்த பிசின்தான். நைலோன் வலையும் அதே வழியில் வந்தது.

வாகரை, கதிரவெளிப் பக்கத் தோட்டங்களில் நீர்ப்பம்பிகளுக்குப் பெற்றோலும் மண்ணெண்ணெயும். களப்புக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து கிழக்கே உள்ள எழுவான்கரைக்கு வேலைக்கு வருகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள். கொழும்புக்குப் போகும் ரயில். இலங்கையில் மின்சாரத்தில் ஓடும் ரயில் பாதை கிடையாது, எல்லாமே டீசல். அப்புறம் வீட்டுக் குசினியில் சிலிண்டர், கடையில் பொலித்தீன் பை, காலில் செருப்பு.

ஒரு லீற்றர் பெற்றோலில் அப்படி என்னதான் இருக்கிறது?

சுமார் 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம். மோட்டார் சைக்கிள் இஞ்சின் அதில் நாலில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொண்டுபோகும். மீதி சைலன்சர் வழியாகவும் இஞ்சின் சூடாகவும் வீணாகிறது. அப்படி வீணாகியும், மிஞ்சுவது இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல். மண்வெட்டி பிடித்து நாள் முழுக்க வேலை செய்கிற ஒரு திடகாத்திரமான ஆள் உடம்பால் கொடுக்கும் வேலை அரை யூனிட் அளவு. அப்படியென்றால் ஒரு சோடாப் போத்தலில் பிடிக்கிற பெற்றோல் நாலு நாள் கூலி வேலை செய்கிறது. இவ்வளவு செறிவான ஒன்றை வெற்றிலை வாங்க ஒழுங்கை முனைவரை போய்வர எரிக்கிறோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

யூரியாவுக்கும் எரிபொருளுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. யூரியாவில் உள்ள நைதரசன் காற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆனால் அதை அமோனியாவாக்க ஐதரசன் வேண்டும். அந்த ஐதரசன் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும், சீனாவில் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. ஹேபர்–போஷ் முறை என்று பிள்ளைகள் இரசாயனவியலில் படிப்பது இதைத்தான். கணக்குப் பார்த்தால் ஒரு 50 கிலோ யூரியா மூட்டைக்குப் பின்னால் ஏறத்தாழ 30 லீற்றர் பெற்றோலுக்கு நிகரான எரிசக்தி செலவாகிறது. அதனால்தான் உலகச் சந்தையில் வாயு விலை ஏறினால் உரக்கடையிலும் விலை ஏறுகிறது.

அந்த மூட்டையில் 46 வீதம் நைதரசன், அதாவது 23 கிலோ. நின்ற தண்ணீரில் வீசி எறிந்த யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. மீதி அமோனியாவாகக் காற்றோடு போகும், அல்லது தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போய்க் களப்பில் சேர்ந்து பாசியை வளர்க்கும். இங்கேதான் மிச்சம் பிடிக்க நிறைய இடம் இருக்கிறது. தண்ணீரை வடித்துவிட்டு ஈரமண்ணில் உரம் போட்டு, பிறகு தண்ணீர் கட்டுவது. ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவது. விவசாயத் திணைக்களப் போதனாசிரியர்கள் சொல்லும் இலை நிற அட்டையை வைத்துப் பார்த்து, பச்சை போதுமென்றால் அந்தத் தவணையைக் குறைப்பது. மழை இருட்டிக்கொண்டு வரும்போது உரம் வீசாமல் இருப்பது.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்குத் தீ வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது, நைதரசனும் கொஞ்சம் இருக்கிறது. தீ வைத்தால் நைதரசன் புகையோடு போய்விடும். வைக்கோலை வயற்கண்டத்திலேயே பரப்பி உழுதுவிட்டால் அடுத்த போகத்துக்கு வாங்குகிற மூட்டையில் ஒரு பகுதி மிச்சம்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது எங்கள் வட்டைகளில் பயிர் மஞ்சளாகி நின்றதைப் பார்த்தோம். அந்தத் தடை நவம்பரில் நீக்கப்பட்டது. குறைப்பது வேறு, ஒரே நாளில் அறுத்து எறிவது வேறு. சிக்கனத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் அந்தப் போகத்தை மறக்கக் கூடாது.

வயலில் டீசல் குறைக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் தனி ஆளாகச் செய்ய முடிவது குறைவு. பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானித்த திகதிக்கு எல்லோரும் ஒன்றாக விதைத்தால் எல்லாம் ஒன்றாக விளையும். அப்போது அறுவடை இயந்திரம் ஒரு வட்டையில் இறங்கிக் கண்டம் கண்டமாக முடித்துவிட்டு வெளியேறலாம். ஆளுக்கொரு திகதியில் விதைத்தால் இயந்திரம் இங்கே ஒரு ஏக்கர், மூன்று மைலுக்கு அப்பால் ஒரு ஏக்கர் என்று அலையும். அந்த அலைச்சலுக்கான டீசல் வாடகையில் ஏறிவிடும். வட்டையின் தண்ணீர் முறையைக் கவனிக்கும் வட்டவிதானை சொல்லும் திகதியை மதிப்பதில் இவ்வளவு இருக்கிறது. வரம்பு வெட்டித் தண்ணீரை நேரத்தோடு வடிய விட்டு வயலைக் காயவைப்பதும் முக்கியம். சேற்றில் புதைந்து புதைந்து ஓடும் இயந்திரம் காய்ந்த மண்ணில் ஓடுவதைவிட மிக அதிகமாகக் குடிக்கும்.

மீனவர்கள் என்ன செய்யலாம்? கடலுக்குப் போகாமல் இருக்க முடியுமா?

முடியாது, யாரும் அப்படிச் சொல்லவும் கூடாது. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. அந்த வாரம் கரையில் ஏற்றி வைத்த படகுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மாற்று இல்லாத தொழில் என்றால் என்னவென்று. நகரத்தில் மோட்டார் சைக்கிளில் வீணாகும் எரிபொருளைக் குறைக்கச் சொல்வதே இவர்களைப் போன்றவர்களுக்கு அது மிஞ்ச வேண்டும் என்பதற்காகத்தான்.

சின்ன விஷயங்கள் சில உண்டு. படகின் அடியில் ஒட்டும் சிப்பியையும் பாசியையும் அடிக்கடி சுரண்டுவது. விளிம்பு உடைந்த விசிறியை மாற்றுவது. முழு முறுக்கில் ஓடாமல் கொஞ்சம் தளர்த்தி ஓடுவது. கடைசி முறுக்கில் வேகம் கொஞ்சம்தான் கூடும், எண்ணெய்ச் செலவோ நிறையக் கூடும். களப்பில் தோணியும் கம்புமாகத் தொழில் செய்கிறவர்களுக்கு நான் சொல்ல எதுவுமில்லை. அவர்கள் ஒரு சொட்டும் எரிக்காமல் ஊருக்கு இறாலும் நண்டும் தருகிறார்கள்.

கரண்டுக்கும் நிலக்கரிதானா? எங்களுக்குத்தான் இங்கினியாகலை இருக்கிறதே?

இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்து அணைக்கட்டில் இருப்பது சிறிய நீர்மின் நிலையம், 11 மெகாவாட் அளவு. நுரைச்சோலை நிலக்கரி நிலையமோ 900 மெகாவாட். முதல் இயந்திரம் 2011இலும் மற்ற இரண்டும் 2014இலும் ஓடத் தொடங்கின. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. அதற்கான நிலக்கரியைக் கப்பலிலிருந்து இறக்கக்கூடியது மேற்குக் கடல் அமைதியாக இருக்கும் புரட்டாதி முதல் சித்திரை வரைதான். தென்மேல் பருவக் காற்று தொடங்கினால் இறக்க முடியாது. அதனால் அந்த மாதங்களுக்கு வேண்டியதை முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கிக் குவிக்க வேண்டும். டொலர் இல்லாத வருஷத்தில் அது எவ்வளவு பெரிய தலைவலி என்று 2022இல் தெரிந்தது.

முக்கியமானது நேரம். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி, அயன் எல்லாம் ஓடும். நீர்மின்னும் நிலக்கரியும் போதாமல், டீசலும் உலை எண்ணெயும் எரிக்கிற நிலையங்களை அப்போதுதான் ஓட்டுகிறார்கள். அவை மிகவும் செலவானவை. ஆகவே அதே ஒரு யூனிட்டைப் பகலில் மிச்சம் பிடிப்பதைவிட இரவு எட்டு மணிக்கு மிச்சம் பிடிப்பது அதிக எண்ணெயைக் காப்பாற்றும். பாடசாலை உடுப்பை இரவில் அயன் செய்வதைக் காலைக்கோ ஞாயிறு பகலுக்கோ மாற்றுங்கள். தண்ணீர்த் தாங்கிக்கு மோட்டார் போடுவதைப் பகலிலேயே முடித்துவிடுங்கள். செலவில்லாத வேலை, பழக்கம் மட்டும்தான் மாற வேண்டும்.

கூரையில் சூரியத் தகடு போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

எங்கள் பக்க வெயிலுக்கு அது நல்ல முதலீடு. 2016இல் அரசு கூரைச் சூரிய மின் திட்டத்தைத் தொடங்கிய பிறகு காத்தான்குடி, கல்முனை, மட்டக்களப்பு நகரக் கூரைகளில் நிறையத் தகடுகள் ஏறியிருக்கின்றன. ஆனால் இரவுத் தேவையை அது தீர்க்காது, மின்கலம் இருந்தால் ஒழிய. பகலில் சில நாட்களில் மின்சாரம் மிஞ்சிப் போகிற நிலைமையும் வந்துவிட்டது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பாவனை குறைந்ததால், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. அதனால் தகடு போட்டவர்கள் நீர்ப்பம்பி, சலவை இயந்திரம், அயன் போன்றவற்றைப் பகலுக்குக் கொண்டுவந்தால் அவர்களுக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது. தோட்டக்காரர்களுக்குச் சூரிய நீர்ப்பம்பி அதைவிடப் பொருத்தம். வெயில் கூடும்போதுதான் பயிருக்கும் தண்ணீர் கூடுதலாக வேண்டும்.

95 பெற்றோல் அடித்தால் கூடுதல் தூரம் ஓடுமா?

சாதாரண மோட்டார் சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் ஓடாது. 92, 95 என்பது இஞ்சினுக்குள் அழுத்தம் கூடும்போது நேரத்துக்கு முன் தானாகப் பற்றாமல் தாங்கும் திறனின் அளவு. அதிக அழுத்தத்தில் ஓடும்படி செய்த இஞ்சினுக்குத்தான் 95 வேண்டும். உங்கள் வாகனக் கைநூலில் 92 போதும் என்றிருந்தால் 92 போதும்.

மோட்டார் சைக்கிளில் எப்படி மிச்சம் பிடிப்பது?

டயரில் காற்று, அதுதான் முதல். செட்டுக்குப் போகும்போதெல்லாம் பாருங்கள். சங்கிலிக்கு எண்ணெய், எயார் பில்டரைத் தட்டித் துப்புரவு செய்வது (எங்கள் மணல் ஒழுங்கைகளில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்). வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதன் வர்க்கத்தில் கூடும். கல்முனை வீதியில் 80இல் போகிறவர் 50இல் போகிறவரைவிட மிக அதிகமாக எரிக்கிறார், வந்து சேருவது சில நிமிடம் முந்தித்தான்.

இதையெல்லாம்விடப் பெரிய மிச்சம் வண்டியை எடுக்காமல் இருப்பது. எங்கள் கரையோரம் மேடுபள்ளம் இல்லாதது. ஏறாவூரிலிருந்து அக்கரைப்பற்றுவரை ஒரு ஏற்றம்கூடச் சொல்லும்படி இல்லை. சைக்கிளுக்கென்றே அமைந்த நிலம். இரண்டு கிலோமீற்றருக்குட்பட்ட பயணங்களை மட்டும் சைக்கிளுக்கு மாற்றினாலே மாதக் கணக்கில் வித்தியாசம் தெரியும், ஏனென்றால் குளிர்ந்த இஞ்சின் முதல் சில நிமிடங்களில்தான் அதிகம் குடிக்கிறது. கொழும்புப் பயணத்துக்கு ரயிலோ பஸ்ஸோ. தனி வான் பிடித்துப் போவதை நோயாளிக்கும் வயோதிபருக்கும் வைத்துக்கொள்ளலாம்.

மின்சார மோட்டார் சைக்கிள் பற்றி?

அதுவும் நிலக்கரிக் கரண்டில்தானே ஓடுகிறது என்று கேட்கிறார்கள். ஒரு பகுதி உண்மை. ஆனால் 100 கிலோமீற்றர் ஓட அதற்கு வேண்டியது சுமார் 3 யூனிட். பெற்றோல் வண்டிக்கு அதே தூரத்துக்கு இரண்டு லீற்றர் என்றால் 18 யூனிட் வெப்பம். நிலக்கரி நிலையத்தில் வீணாவதைச் சேர்த்துப் பார்த்தாலும் மின்சார வண்டி முன்னே நிற்கிறது. பகலில் கூரைத் தகட்டில் சார்ஜ் செய்தால் கேட்கவே வேண்டாம். இரவு ஏழு மணிக்குச் செருகிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

கேஸா, விறகா, கரண்ட் அடுப்பா? எது நல்லது?

விறகு கிடைக்கிற வீட்டில் விறகை விட்டுவிட்டுக் கேஸுக்கு ஓடச் சொல்லமாட்டேன். ஆனால் மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் 10 முதல் 15 வீதம்தான் சட்டிக்குப் போகிறது. மீதி புகையாகி அம்மாமாரின் நெஞ்சுக்குள் போகிறது. அனகி என்று விற்கும் இரட்டை வாய்க் களிமண் அடுப்பு விறகை நன்றாகவே குறைக்கும், ஒரு வாயில் சோறும் அடுத்ததில் கறியும் ஒன்றாக ஆகும். தென்னம் மட்டை, பொச்சு, பனை மட்டை எல்லாம் அதில் எரியும்.

கேஸ் அடுப்பில் பாதிக்கு மேல் சூடு சட்டிக்குச் சேரும். சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்து சட்டி கரி பிடித்தால் துளை அடைத்திருக்கிறது, துப்புரவு செய்ய வேண்டும். பருப்பு, கடலையை முன்னிரவே ஊறவைத்துப் பிரஷர் குக்கரில் போடுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். சாதாரண சட்டியில் எவ்வளவு தீ எரித்தாலும் கொதிக்கிற தண்ணீரின் சூடு 100 பாகைக்கு மேல் ஏறாது. மூடி போடாத சட்டி வீட்டுக்குள்ளே நீராவி விடுகிறது, அதற்கும் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

மண்ணெண்ணெயைப் பெற்றோலிலோ டீசலிலோ கலக்கலாமா? வீட்டில் கானில் சேர்த்து வைக்கலாமா?

இரண்டுக்கும் வேண்டாம் என்றுதான் பதில். டீசலைவிட மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்புக் குறைவு, பம்பும் இன்ஜெக்டரும் தேய்ந்துபோகும். பெற்றோல் இஞ்சினில் கலந்தால் முழுதாக எரியாமல் கரி பிடிக்கும், இஞ்சின் தட்டும். மிச்சம் பிடித்த காசு கராஜில் போகும்.

சேர்த்து வைப்பது அதைவிட ஆபத்து. பெற்றோல் எங்கள் வெயிலில் எந்நேரமும் ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து அடுப்படிவரை போகும். பிளாஸ்டிக் கானை அறைக்குள் வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் விளக்கேற்றினால் போதும். தட்டுப்பாட்டு நாளில் பயந்துபோய்க் கட்டிலுக்கடியில் கான் வைத்த வீடுகள் எங்கள் ஒழுங்கையிலும் இருந்தன. அதைவிட வண்டித் தாங்கியில் இருப்பதைக் கவனமாகச் செலவழிப்பதே பாதுகாப்பு.

2022 வரிசைக்கு எரிபொருள் தீர்ந்துபோனதா காரணம்?

இல்லை, டொலர் தீர்ந்துபோனதுதான். அந்த ஆண்டு சித்திரையில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. ஜூன் 27 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள். ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் அட்டை வந்தது. முதலில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20, பஸ்ஸுக்கு 40. அட்டை முறை 2023 செப்டம்பர்வரை நீடித்தது.

நாலு லீற்றரில் ஒரு கிழமையை ஓட்ட முடியும் என்று அப்போது பலர் கண்டுகொண்டார்கள். ஒரே அலுவலகத்துக்குப் போகும் இரண்டு பேர் ஒரு வண்டியில் போனார்கள். மூன்று தடவை போகும் கடைக்கு ஒரு தடவை போனார்கள். ஆட்டோவில் பிழைக்கிறவருக்கும் மீனவருக்கும் அந்தப் பங்கீடு போதவே இல்லை, அவர்களது வீடுகளில் அடுப்பு எரியாத நாட்கள் இருந்தன. ஒரே அட்டை, ஆனால் ஒருவருக்குச் சிக்கனம், இன்னொருவருக்குப் பட்டினி. விட்டுக்கொடுக்கக்கூடியவர்கள் நல்ல காலத்திலேயே விட்டுக்கொடுக்கப் பழக வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

உலகத்தில் இன்னும் எத்தனை வருஷத்துக்கு இருக்கிறது?

இப்போது தெரிந்த, எடுத்தால் கட்டுப்படியாகும் இருப்பை இப்போதைய வேகத்தில் எரித்தால் எண்ணெயும் வாயுவும் சுமார் 50 ஆண்டு, நிலக்கரி 130 ஆண்டுக்கு மேல். புதிய கிணறுகள் கிடைத்தால் இந்தக் கணக்கு நீளும், விலை விழுந்தால் சுருங்கும். ஆனால் வாங்கித் தின்னும் நாட்டுக்குக் கடைசிச் சொட்டு தீரும்வரை காத்திருக்கும் வசதி கிடையாது. விலை கைக்கெட்டாமல் போகும் நாள்தான் எங்களுக்குத் தீரும் நாள், அதை ஒரு தடவை பார்த்துவிட்டோம்.

நாங்கள் சிறிய நாடு. நாங்கள் குறைத்து வெப்பம் குறையவா போகிறது?

இலங்கையர் ஒருவர் வருஷத்துக்கு வெளிவிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரி அதைப் போல நாலு மடங்குக்கு மேல். குற்றம் எங்களுடையது என்று யாரும் சொல்ல முடியாது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது, அதைச் செய்தவர்கள் பெரிய நாடுகள்.

ஆனால் விளைவு எங்கள் வாசலில். களப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் நிலத்தில் குடியிருக்கிறோம். கடல் மட்டம் கடந்த நூற்றாண்டிலிருந்து சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. இன்னும் உயர்ந்தால் கிணற்றில் உப்பு ஏறுவது முதலில் இந்த மண்ணில்தான். ஒரு பாகை சூடு கூடினால் காற்று 7 வீதம் அதிக ஈரத்தைத் தாங்கும், அது கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டும். எங்கள் குறைப்பு உலகக் கணக்கில் சிறிதுதான். டொலர் கணக்கில், வீட்டுக் கணக்கில் சிறிதல்ல. இரண்டுக்கும் ஒரே வேலை போதும் என்பதால் செய்கிறோம்.

பாடசாலையில் செயற்றிட்டம் கேட்கிறார்கள். பிள்ளைகள் எதைச் செய்யலாம்?

சுவரொட்டி வரைவதை விட்டுவிட்டு அளக்கச் சொல்லுங்கள். வீட்டு மின்மானியை மாலை 6.30க்கும் இரவு 10.30க்கும் பார்த்து ஒரு கிழமைக்கு எழுதி வரட்டும். எந்த நாளில் கூடியது, அன்று என்ன ஓடியது என்று பக்கத்தில் குறிக்கட்டும். அடுத்த கிழமை அயனையும் தண்ணீர் மோட்டாரையும் பகலுக்கு மாற்றிவிட்டு மறுபடி எழுதட்டும். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் தாங்கியை நிரப்பிக் கிலோமீற்றரைக் குறித்து, அடுத்த தடவை நிரப்பும்போது பிரித்துப் பார்த்தால் லீற்றருக்கு எத்தனை ஓடுகிறது என்று தெரியும். டயருக்குச் சரியாகக் காற்றடித்த பிறகு அதே கணக்கை இன்னொரு தடவை. கேஸ் சிலிண்டர் மாற்றிய திகதியை அடுப்படிச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்தால், அடுத்தது எத்தனை நாளில் முடிகிறது என்று அம்மாவே சொல்லிவிடுவார்.